ஜனவரி 5: கொடைக்கானலில் சூரியப் புள்ளி பார்ப்பது எப்படி?

அறிவியல் நாள் என்றாலே படத்துக்கு மாலை, நாலு பேர் பேச்சு, மிட்டாய். கொடைக்கானலுக்கென்று சொந்தமாக ஒரு நாள் இருக்கிறது. அதைச் செய்தே கொண்டாடலாம்.

1909 ஜனவரி 5 அன்று, இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் (சூரியன் முகத்தில் தெரியும் கறுத்த இடங்கள்) நிறமாலையை, அதாவது ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறப் பட்டையை, ஆராய்ந்தார். புள்ளியின் கறுத்த நடுவைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் ஒன்று உண்டு. அதில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். வாயு நம்மை நோக்கி வந்தாலோ நம்மைவிட்டுப் போனாலோதான் நிறமாலைக் கோடுகள் இடம் விலகும். புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருந்தால் அவை விலகவில்லை. விளிம்புப் பக்கம் போனால் விலகின. பாய்ச்சல் மேலும் கீழுமாக இல்லை, சூரியப் பரப்பை ஒட்டிக் கிடைமட்டமானது என்று அதிலிருந்து புரிந்தது. இன்றும் இதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பெயர்.

அந்தப் பாய்ச்சல் நம் பைனாகுலரில் தெரியாது. பெரிய புள்ளிகள் தெரியும்.

தேவை: 10 × 50 பைனாகுலர், முக்காலி, வெள்ளை அட்டை, பென்சில்.

1. காலை 8 மணிக்கு மேல் கிழக்கு வானம் திறந்த இடமாக நில்லுங்கள். கோக்கர்ஸ் வாக் வசதிதான், ஆனால் கூட்டம் சேரும். மத்தியானத்தை நம்ப வேண்டாம், மேகம் ஏறிவிடும்.

2. பைனாகுலரின் ஒரு குழாயை மூடியால் அடைத்து, முக்காலியில் கட்டுங்கள். அதன் வழியே சூரியனை யாரும் பார்க்கக் கூடாது; ஒரு நொடி போதும், கண் போய்விடும். கூலிங் கிளாஸ் காப்பாற்றாது. "நானும் ஒரு தடவை பார்க்கிறேனே" என்று வருபவரைத் தடுக்கவே ஓர் ஆளை நிறுத்துங்கள்.

3. தரையில் பைனாகுலரின் நிழல் மிகச் சிறிதாகும்வரை திருப்புங்கள். கண் வைக்கும் பக்கத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி அட்டையைப் பிடித்தால், சுமார் 4.5 செ.மீ. அகல வட்டம் விழும். விளிம்பு கூர்மையாகும்வரை ஃபோகஸ் செய்யுங்கள். இரண்டு நிமிடத்துக்கொரு தரம் சூரியனை விட்டு வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி சூடாகும்.

4. கறுப்பாக ஏதாவது தெரிகிறதா? பைனாகுலரை லேசாக நகர்த்துங்கள். வட்டத்தோடு சேர்ந்து நகர்ந்தால் புள்ளி. அசையாமல் நின்றால் தூசிதான்.

5. அப்புறம் பென்சிலால் வட்டத்தையும் புள்ளிகளையும் வரைந்து தேதி, நேரம் எழுதுங்கள். முக்காலியைத் தொடாமல் விட்டால் வட்டம் தானே நகரும். அது நகரும் திசை மேற்கு, அங்கே ஓர் அம்புக்குறி போடுங்கள். புள்ளியே இல்லாத நாளில் வெறும் வட்டம் போதும்.

6. மறுநாள் அதே நேரத்தில் மறுபடி வரையுங்கள். சூரியன் சுழல்வதால் புள்ளிகள் மேற்கே நகர்ந்திருக்கும். 5-ஆம் தேதி கிழக்கு விளிம்பில் தெரிந்த புள்ளி, கலையாமல் இருந்தால், பொங்கலுக்குள் நடுவைத் தாண்டியிருக்கும்.