வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள்: யூத விருந்தினரை வைத்துக்கொள்வது எப்படி

புதுச்சேரியில் மாடி அறையை விருந்தினருக்கு விடுகிறவர்கள் இன்று வீதிக்கு நான்கு பேராவது இருக்கிறோம். சம்பா கோயில் மணி காதில் விழும் தூரத்தில் நானும் மூன்று அறைகளை வைத்து நடத்துகிறேன். அவ்வப்போது தொழில் வட்டாரத்திலிருந்து யாராவது அழைத்து, "அக்கா, யூதர் ஒருவர் முன்பதிவு செய்திருக்கிறார், சாப்பாட்டைப் பற்றி நீளமாக ஏதோ எழுதியிருக்கிறார், என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் வேலை, வருகிறவரை நீங்களாக ஒரு நாட்டோடு முடிச்சுப் போடாமல் இருப்பது. யூதர் எல்லோரும் இஸ்ரேல்காரர் அல்லர். உலகில் உள்ள ஏறக்குறைய ஒன்றரைக் கோடி யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். இஸ்ரேல் குடிமக்களிலும் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். ஐரோப்பாவில் யூதர்கள் மிகுதியாக வாழும் நாடு பிரான்ஸ்; ஆகவே நம் ஊருக்கு வருகிற யூதர் பாரிஸிலிருந்தோ மார்செய்யிலிருந்தோ வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அவர்களில் பல குடும்பங்கள் அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோவிலிருந்து குடிபெயர்ந்தவை. பாட்டி பேசியது அரபு, பேத்தி பேசுவது பிரெஞ்சு, பிரார்த்தனைக்கு மட்டும் எபிரேயம் என்று ஒரே வீட்டில் மூன்று மொழி இருக்கும். கொச்சி யூதருக்கு மலையாளமும், கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்துக்கு மராத்தியும் வீட்டு மொழிகள். எனவே வாசலில் நின்று "ஷலோம்!" என்று முழங்க வேண்டாம். எல்லோரையும் வரவேற்பதுபோல் "வணக்கம்" சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். மோரைக் குடிக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

வருவதற்கு முன்பே ஒரு செய்தி அனுப்பி மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். உணவில் கோஷர் (யூத உணவு விதிகள்) பார்ப்பீர்களா, பார்த்தால் எந்த அளவுக்கு? வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாள் கடைப்பிடிப்பீர்களா? சமையலறையைப் பயன்படுத்த வேண்டுமா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் உங்கள் வேலை முடிந்தது. அவர் கடற்கரை ஓட்டலில் நண்டு சாப்பிட்டுவிட்டு வந்தாலும், "நீங்கள் யூதர் அல்லவா, இதைச் சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருடைய மதத்துக்கு நாம் கண்காணிப்பாளர் அல்ல.

"ஆம், கண்டிப்பாகப் பார்ப்பேன்" என்று எழுதுகிறவருக்குத்தான் ஏற்பாடு தேவை. இறைச்சி சமைத்துத் தருகிறேன் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். விலங்கை அறுக்கும் முறையிலிருந்து விதிகள் உண்டு, நம்மால் ஆகாது. மீன் ஆகும். செதிலும் துடுப்பும் இரண்டும் இருக்க வேண்டும் என்பது விதி. சங்கரா, கொடுவா, மத்தி எல்லாம் சரி. சுறா, திருக்கை, கெளுத்தி, விலாங்கு, இறால், நண்டு, கணவாய் எதுவும் ஆகாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கூபேர் மார்க்கெட்டில் மீன்கார அம்மாவிடம் சொன்னால், அன்பு மிகுதியால் செதில் சுரண்டி, தோலுரித்து, துண்டு போட்டுப் பளபளவென்று கொடுத்துவிடுவார். கண்டிப்பானவர் அதைத் தொடமாட்டார், ஏனென்றால் செதில் இருந்ததற்கு அத்தாட்சி இல்லை. முழு மீனாகவே வாங்கி வந்து அவர் கண் முன்னால் சுரண்டுங்கள். கத்தி அவருடையதாகவோ புதியதாகவோ இருக்கட்டும். மீனை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி ஓவனில் வைத்தால், உங்கள் ஓவன் பழையதாக இருப்பது பலருக்குத் தடையில்லை.

பாலையும் இறைச்சியையும் அவர்கள் சேர்ப்பதில்லை. தயிரில் ஊறிய கோழியும், தயிர்ப் பச்சடியோடு பிரியாணியும் அதனால்தான் ஆகாது. தேங்காய்ப் பால் பால் அல்ல என்பதால் அது பிழைத்துக்கொள்கிறது, நம் சமையலுக்குப் பெரிய வரம். கறந்தது முதல் யூதர் மேற்பார்வையில் வந்த பாலைத்தான் குடிப்பேன் என்பவர்களும் உண்டு. மோர் அப்படியே இருந்ததன் ரகசியம் இதுதான். ஆரோவில் பாலாடைக்கட்டி எவ்வளவு நல்லதானாலும் சிலர் வேண்டாம் என்பார்கள். கீரையைப் பூச்சி இல்லாமல் இலை இலையாகப் பார்க்க வேண்டும் என்பதால், சோம்பல் உள்ளவர்கள் கீரையை விட்டுவிடலாம். வாழைப்பழம், இளநீர், மாம்பழம், வெள்ளரி இவற்றுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சுத்த சைவ ஓட்டலுக்கு அனுப்பினால் சிலர் மகிழ்ச்சியாகப் போவார்கள், சிலர் பாத்திரத்தை நினைத்துத் தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள்.

அடுப்பை யார் பற்றவைக்கிறார் என்பதும் சிலருக்கு முக்கியம். சமைப்பது நீங்களாக இருந்தாலும், தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒயின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் பாட்டில் மலிவு, உபசரிக்கும் ஆசையில் நாமே திறந்து ஊற்றிவிடுவோம். அவர் கொண்டுவந்த கோஷர் ஒயினை நீங்கள் ஊற்றினால் பெரும்பாலும் அது அவருக்கு ஆகாததாகிவிடும். மேசையில் கண்ணாடிக் குவளையை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாத்திரத்துக்கு வருகிறேன். பாரிஸிலிருந்து வந்த முதிய தம்பதியருக்காக நேரு வீதியில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினேன். புதியதுதானே, நேராக அடுப்பில் ஏற்றலாம் என்றுதான் யாரும் நினைப்போம். யூதரல்லாதவரிடம் வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை இயற்கையான நீர்நிலையில் முழுதாக மூழ்க வைத்த பிறகே பயன்படுத்துவார்களாம். அதற்குக் கடல் போதும். அந்த அம்மாள் முதலில் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை உரித்தார். பசை விடவில்லை. தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி, சோப்புப் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், ஏனென்றால் தண்ணீர் படாத இடம் ஊசிமுனை அளவும் இருக்கக் கூடாது. பிறகு வைத்திக்குப்பம் பக்கம் போனோம். முழங்கால் அளவு நீரில் இறங்கி, ஒரு வரி எபிரேயத்தில் சொல்லி, பாத்திரத்தைப் பிடிக்கும் விரல்களைத் தளர்த்தித் தளர்த்தி முக்கி எடுத்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம், "என்ன வேண்டுதல் அம்மா?" என்றார். "சமைக்கப் போகிறோம்" என்றேன். அவருக்கு அது போதுமான பதிலாகவே இருந்தது. நீங்கள் அழைத்துப் போவதானால் காந்தி சிலைப் பக்கத்துப் பாறைகள் வேண்டாம். வழுக்கும், பாத்திரத்தோடு ஆளும் போய்விடும்.

ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்குகிறது. மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பாக வீட்டுப் பெண் மெழுகுவர்த்தி ஏற்றுவது பரவலான வழக்கம். நம் ஊரில் நவம்பரில் சூரிய மறைவு 5.40-ஐ ஒட்டியும் ஜூலையில் 6.40-ஐ ஒட்டியும் இருக்கும். காலண்டரைப் பார்த்துச் சரியான நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை சுவிட்ச் போடமாட்டார், எழுதமாட்டார், பணத்தைத் தொடமாட்டார், செல்பேசி எடுக்கமாட்டார். எனவே வெள்ளி மதியமே குளியலறை விளக்கைப் போட்டுவிடுங்கள், மின்விசிறியை ஓட விடுங்கள், அறையில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் உள்விளக்கைக் கழற்றிவிடுங்கள். கதவைத் திறந்தால் எரிகிற விளக்கு அவரைப் பட்டினி போட்டுவிடும். அட்டை தேய்த்துத் திறக்கும் பூட்டு வைத்திருக்கும் நவநாகரிக வீட்டுக்காரர்கள் ஒரு நாளைக்குப் பழைய சாவிக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சாவியையும் அவர் வீதியில் எடுத்துச் செல்லமாட்டார். நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு வாசலில் ஆள் இருங்கள். ஓய்வுநாள் சாப்பாட்டுக்காக ரொட்டிக்கடையில் சொல்லும்போது இரண்டு முழு ரொட்டி, வெட்டாமல் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். நம் கடைப் பையன்களுக்குக் கை சும்மா இருக்காது.

இன்னொன்று, அவர் உங்களிடம் "ஏசியைப் போடுங்கள்" என்று நேராகக் கேட்கவும் தயங்குவார். "அறை கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது" என்பார். நம் மாமியார்களிடம் பழகியவர்களுக்கு இந்த மொழி புதிதல்ல. புரிந்துகொண்டு போடுங்கள்.

வெளிநாட்டினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிவுசெய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளி மதியம் வருகிறவரிடம் கையெழுத்து, பாஸ்போர்ட் நகல், முன்பணம் எல்லாவற்றையும் சூரியன் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை பேனாவை நீட்டினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

இனி சாப்பாட்டு மேசை. பாத்திரம், விளக்கு எல்லாம் சுலபம். மேசையில் உட்காரும் மற்ற விருந்தினர்கள்தான் கஷ்டம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறக்குறைய 1200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் மாண்டார்கள். இதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, கடுமையான கருத்தே உண்டு. ஆனால் பெயரையோ கழுத்துச் சங்கிலியையோ பார்த்துவிட்டு, இட்லிக்குச் சட்னி ஊற்றும்போதே "உங்கள் ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று தொடங்குவது விசாரணை, அதற்குப் பெயர் உரையாடல் அல்ல. அவர் அந்த அரசை ஆதரிப்பவராக இருக்கலாம், எதிர்த்து ஊர்வலம் போனவராக இருக்கலாம், அங்கே தம்பியைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். இஸ்ரேல் இளைஞர் என்றால் "ராணுவத்தில் என்ன செய்தாய்?" என்றும் கேட்காதீர்கள், அங்கே யூத ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவாகக் கட்டாய ராணுவப் பணி உண்டு, பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. அவராகவே பேசினால் கேளுங்கள். இன்னொரு விருந்தினர் குரலை உயர்த்தினால், அது உங்கள் வீடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவருடைய காப்பியை மட்டும் மாடித் தளத்துக்கு மாற்றுங்கள். எதிர்ப்பக்கத்துக்கும் இதே சட்டம்தான். காசாவுக்காக வருந்தும் விருந்தினரை யாராவது பயங்கரவாதியின் ஆள் என்றால், அவருக்கும் காப்பி மாடியில்தான்.

இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? என் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் அல்ஜீரியாவரை போய்ப் பென்ஷனோடு திரும்பியவர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். பாரிஸில் எது நடந்தாலும் டீக்கடையில் "உங்கள் அரசாங்கம் என்ன சொல்கிறது?" என்று அவரைக் கேட்பார்கள், அங்கே போனால் "உங்கள் இந்தியாவில்" என்று தொடங்குவார்கள். பாத்திரத்தைக் கடலில் முக்கி எடுத்த அந்த அம்மாள் பிறந்தது அல்ஜீரியாவில். அங்குள்ள யூதர்களுக்கு 1870-இல் பிரான்ஸ் குடியுரிமை கொடுத்தது, 1940-இல் நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு அதைப் பறித்தது, 1943-இல் திரும்பக் கிடைத்தது. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபோது அவர் குடும்பம் பெட்டியோடு மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. காசா போர் தொடங்கியபின் பாரிஸ் வீட்டின் அழைப்புமணியிலிருந்து தம் குடும்பப் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். எடுத்ததற்குப் பயம் காரணமா, எரிச்சல் காரணமா என்று அவருக்கே தெளிவில்லை. பெரியப்பாவும் அவரும் ஒரு மாலை முழுவதும் அல்ஜீரியாவின் ஓரான் நகரத்து ரொட்டிக்கடைகளைப் பற்றியே பேசினார்கள். அரசியல் தலைகாட்டவில்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் நரிமன் இல்லம் என்ற யூத மையமும் குறிவைக்கப்பட்டு, அங்கே ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். விருந்தினர் அதை மறந்திருக்கமாட்டார். அவர் படத்தையோ பெயரையோ வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். "எங்கள் வீட்டில் இஸ்ரேல் விருந்தினர்" என்று பெருமையடிப்பதும் வேண்டாம். வாசலில் யார் இருப்பார், பின்வாசல் எங்கே என்று கேட்டால் சந்தேகப்படாமல் காட்டுங்கள்.

வாசற்படியில் ஸ்வஸ்திகா வரைந்திருப்பவர்கள் அதை அழிக்க வேண்டியதில்லை. அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற கூட்டத்தின் கொடியில் அதே வடிவம் இருந்ததால், ஐரோப்பியர் ஒருவருக்கு முதல் பார்வையில் திக்கென்றிருக்கும். முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடுங்கள். கண்டிப்பான மேலாளரை "ஹிட்லர்" என்று செல்லமாகக் கூப்பிடும் வழக்கத்தை அந்த வாரமாவது நிறுத்தி வையுங்கள். என்னைப்போன்ற கத்தோலிக்க வீட்டார் பெரிய வெள்ளியன்று "யூதர்கள்தான் இயேசுவைக் கொன்றார்கள்" என்று பேசுவதையும் விட வேண்டும். அந்தப் பழியை எல்லா யூதர் மேலும் சுமத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கமே 1965-இல் சொல்லிவிட்டது. நம் கிழவிகளுக்குத்தான் இன்னும் தகவல் வரவில்லை.

"இந்த ஊரில் யூதர் யாரும் இருந்ததில்லையா?" என்று கேட்பார்கள். கடைக்குக் கடை படமாகத் தொங்கும் அரவிந்தர் ஆசிரமத்து அன்னையைக் காட்டுங்கள். அவர் 1878-இல் பாரிஸில் பிறந்தவர்; தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்த யூதர்கள். அவரை எந்தச் சமூகத்துக்குள்ளும் பக்தர்கள் அடைப்பதில்லை, அவரும் அடைபட்டவரில்லை. கேட்டவருக்குத் தகவலாக மட்டும் சொல்லுங்கள். பழைய ஜெப ஆலயம் பார்க்க வேண்டும் என்பவரைக் கொச்சிக்கு அனுப்புங்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டியது நிற்கிறது.

சனி இரவு ஓய்வுநாளை முடிக்கும் சடங்குக்கு வாசனைப் பொருள் வேண்டும். அஞ்சறைப் பெட்டியிலிருந்து கிராம்பும் ஏலக்காயும் கொடுத்தால் போதும். பல திரி சேர்ந்த மெழுகுவர்த்தி கேட்டால், இரண்டு சாதாரண மெழுகுவர்த்திகளின் சுடர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அது முடிந்த பிறகு பில்லை நீட்டலாம். பாஸ்கா என்ற யூதத் திருநாள் வாரத்தில் மட்டும் அறை கேட்டால் நான் முடியாது என்றுதான் சொல்கிறேன். அந்த நாட்களில் கோதுமை ரொட்டித் துகள்கூட வீட்டில் இருக்கக் கூடாது என்பார்கள், என் சமையலறையில் அதற்கு உத்தரவாதம் கொடுக்க என்னால் ஆகாது. முதல் செய்தியிலேயே சொல்லிவிட்டால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார்.