பகுதிகளாக எழுதுங்கள், ஒரே பக்கமாக அனுப்புங்கள்

ஏற்காட்டு விடுதிக்கோ செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைக்கோ இணையதளம் அமைப்பவர்கள், தலைப்பகுதி, படத்தொகுப்பு, கட்டணப் பட்டியல் என வார்ப்புருவை, அதாவது பக்கத்தின் அடிப்படை அமைப்பை, தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து எழுதுவது பராமரிப்புக்கு நல்லதே. ஆனால் அந்தப் பிரிவினை பார்வையாளரின் உலாவி வரை போகத் தேவையில்லை. பகுதிக்கொரு சிஎஸ்எஸ் (தோற்றத்தை வகுக்கும் கோப்பு), பகுதிக்கொரு ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்) என்று பக்க நிரலின் தொடக்கமான ஹெட் பகுதியிலேயே கோத்துவிட்டால், கொண்டை ஊசி வளைவில் சிக்னல் விட்டுவிட்டு வரும் கைப்பேசியில், அவை அனைத்தும் வந்து சேரும்வரை திரை வெறுமையாகவே இருக்கும். எனவே பகுதிகளைச் சர்வரிலேயே இணைத்து, முழுப் பக்கமாகக் கேஷ் செய்யுங்கள் (மீண்டும் அனுப்பத் தயாராகச் சேமித்து வையுங்கள்). அப்பக்கத்துக்குத் தேவையான சிஎஸ்எஸ்ஸை மட்டும் ஒரே கோப்பாக்கி, ஸ்கிரிப்டுகள் பக்கம் படிக்கப்பட்ட பிறகே இயங்கும்படி அவற்றுக்கு டிஃபர் (defer) என்ற பண்பைச் சேர்த்துவிடுங்கள். தளம் முழுமைக்குமாக ஒரே பெரிய கோப்பு செய்வதும் வீண்சுமைதான். முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அதை அலுவலக வைஃபையில் அன்றி, குரோம் உலாவியின் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் இணைய வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துச் சோதியுங்கள்.