ஒன்ராறியோவில் 40 மணித்தியாலத் தொண்டு: தரம் 9 பிள்ளை தொடங்குவதும் முடிப்பதும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஓ.எஸ்.எஸ்.டி எனப்படும் உயர்பாடசாலைச் சான்றிதழைப் பெற 30 கிரெடிட் (பாட அலகு), எழுத்தறிவுத் தேர்வு ஆகியவற்றோடு 40 மணித்தியாலச் சமூகத் தொண்டும் வேண்டும். 1999இல் தரம் 9க்குள் வந்த பிள்ளைகளிலிருந்து இந்த விதி இருக்கிறது. பாடங்களில் 95 புள்ளி எடுத்த பிள்ளையானாலும் இந்த 40 நிரம்பாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் நிபந்தனையோடு தந்த இடமும் ஆட்டம் காணும்.

கணக்கு மலைப்பானதல்ல. சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் வீதம் போனால் 20 கிழமையில் முடிந்துவிடும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அனேகமாகப் படிவத்தில்தான்: கையொப்பம் இல்லை, ஒப்பமிட்டவர் சொந்தக்காரர், செய்த வேலை விதிக்குள் வராது. ஆகவே வேலையைப் போலவே தாளையும் கவனிக்கும்படி இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறோம்.

படி 1: தொடங்கும் காலத்தைத் தீர்மானியுங்கள்

தரம் 8 முடிந்த கோடை விடுமுறையிலிருந்தே மணித்தியாலங்கள் கணக்கில் சேரும். அந்தக் கோடைதான் மிகவும் வசதியான காலம். ஆனால் ஒரு வயது விதி இருக்கிறது: 14 வயது நிரம்பாத பிள்ளை ஒரு வேலைத்தளத்தில் தொண்டு செய்வதானால் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கோடையில் 13 வயதுதான் ஆகியிருக்கும். அவர்களோடு அம்மாவோ அப்பாவோ சேர்ந்து போகக்கூடிய இடத்தைத் தேடுங்கள். தொழிற்சாலை என்றால் 15 வயது வேண்டும். சுரங்கம், மரம் வெட்டும் இடம் என்றால் 16.

தரம் 10 முடிவதற்குள் 30 மணித்தியாலமாவது செய்துவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் பார்ப்பது தரம் 11, 12 புள்ளிகளை. அந்த இரண்டு வருடமும் சனிக்கிழமைகள் பாடத்துக்கே போதாது.

வேறு நாட்டிலிருந்தோ வேறு மாகாணத்திலிருந்தோ இடையில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்பதை அதிபர் தீர்மானிப்பார். ஊரில் சாரணராகவோ முதலுதவிப் படையிலோ இருந்ததற்குக் கடிதம் இருந்தால், பதிவு செய்யப் போகும் நாளிலேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படி 2: எது செல்லும், எது செல்லாது

இதை ஆறுதலாக வாசியுங்கள். நிராகரிக்கப்படும் படிவங்கள் பலவும் இங்கேதான் தவறியிருக்கும்.

இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. எதைச் செய்யக்கூடாது என்று மாகாணக் கல்வி அமைச்சு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எதைச் செய்யலாம் என்று ஒவ்வொரு கல்விச் சபையும் தன் பட்டியலை வெளியிடுகிறது. ரொறன்ரோ, பீல், யோர்க், டூரம் என்று சபைக்குச் சபை சிறிய வித்தியாசங்கள் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சென்றது உங்கள் பிள்ளைக்கும் செல்லும் என்று எண்ணாமல், உங்கள் சபையின் தளத்தில் உள்ள பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அமைச்சின் தடைகளை எங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தால் விளங்கும்.

வீட்டு வேலை செல்லாது. தம்பியைப் பார்த்துக்கொண்டது, அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போனது எல்லாம் நல்ல காரியங்கள், ஆனால் குடும்பக் கடமை என்றே கொள்ளப்படும். மாமாவின் பலசரக்குக் கடையில் கல்லாவில் நின்றதும் செல்லாது. வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலை அது. கோவிட் காலத்தில் சம்பள வேலையின் மணித்தியாலங்களைச் சேர்ப்பது பற்றி அமைச்சு விதியைத் தளர்த்தியது; பின்னரும் அதில் மாற்றங்கள் வந்தன. பகுதிநேர வேலை செய்யும் பிள்ளை, அதைக் கணக்கில் எழுதுமுன் பாடசாலையின் கைடன்ஸ் (மாணவர் வழிகாட்டல்) அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாட நேரத்தில் செய்தது செல்லாது. மதிய இடைவேளையிலும், பாடமில்லாத ஸ்பெயார் நேரத்திலும் செய்தது செல்லும். கிரெடிட் கிடைக்கும் பாடத்தின் பகுதியாகச் செய்ததையும் இங்கே எழுத முடியாது. பாடமாகவே வேலைத்தளத்துக்குப் போய்ப் பழகும் கோஒப் அப்படிப்பட்டது. சனிக்கிழமைத் தமிழ் கிரெடிட் வகுப்பில் செய்த செயற்திட்டமும் அப்படித்தான்.

வாகனம் ஓட்டுவது, மின்கருவி இயக்குவது, சாரம் ஏறுவது, மருந்து கொடுப்பது, அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழில் வேலை, வங்கி அலுவல், நகை போன்ற விலைமதிப்புள்ள பொருட்களைக் கையாள்வது எல்லாம் தடை. அயலில் இருக்கும் வயதானவரின் வாசலில் சவளால் பனி அள்ளினால் செல்லும். ஸ்னோ புளோவர் இயந்திரத்தால் தள்ளினால் செல்லாது. கோயில் திருவிழாவில் அன்னதானம் பரிமாறுவது, செருப்பு அடுக்குவது, சிறுவர் வகுப்பில் உதவுவது பொதுவாக ஏற்கப்படும். சுவாமி நகைகளைத் துடைப்பது, சாரத்தில் ஏறித் தோரணம் கட்டுவது, மேடைக்கு மின்வயர் இழுப்பது ஏற்கப்படாது. வழிபாட்டில் உட்கார்ந்திருந்த நேரமும் தொண்டாகாது. முதியோர் இல்லத்தில் தாத்தாவோடு பேசலாம், கரம் விளையாடலாம், சக்கர நாற்காலியைத் தள்ளலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்கலாம். மாத்திரையை மட்டும் கையில் எடுக்கவே கூடாது.

பட்டியலில் இல்லாத வேலை என்றால், செய்வதற்கு முன்பே அதிபரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். செய்துவிட்டுக் கேட்டால் இல்லை என்ற பதில் வரலாம். போன நேரம் திரும்பாது.

படி 3: இடத்தைத் தேடுங்கள்

பத்து இடத்தில் நாலு நாலு மணித்தியாலம் செய்வதைவிட, ஒரே இடத்தில் தொடர்ந்து போவதையே நாங்கள் பரிந்துரைப்போம். ஒரு பொறுப்பாளர், ஒரு படிவம், குறைந்த அலைச்சல். பின்னாளில் பிள்ளையை நன்றாக அறிந்தவராகப் பரிந்துரைக் கடிதம் எழுத ஒருவர் இருப்பார் என்பது இன்னும் பெரிய பலன்.

முதலில் பிள்ளையின் சொந்தப் பாடசாலையில் கேளுங்கள். பெற்றோர் சந்திப்பு மாலை, தரம் 8 பிள்ளைகள் பார்க்க வரும் நாள், இளைய மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தல் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படும். அதற்குப் பயணச் செலவும் இல்லை.

அடுத்தது நூலகம். ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளைகளில் இளையோர் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் பங்கெடுத்த நேரம் தொண்டாகக் கணக்கிடப்படும். சிறுவருக்கு வாசிப்புப் பழக்கும் திட்டத்துக்கும் இளையோரை எடுப்பார்கள். இடங்கள் விரைவில் நிரம்பும் என்பதால் செப்டம்பர் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

டெய்லி பிரெட் போன்ற உணவு வங்கிகளில் பொருட்களைத் தரம் பிரித்து அடுக்கும் வேலை இருக்கும். தாங்க்ஸ்கிவிங், கிறிஸ்மஸ் காலங்களில் எல்லோரும் ஒரேயடியாகப் போவதால் இடம் கிடைப்பது கஷ்டம். பிப்ரவரியில் கேட்டுப் பாருங்கள். வொலண்டியர் ரொறன்ரோ தளத்தில் வயது வாரியாகத் தேடலாம்.

தமிழ்ப் பாடசாலைகள், ஊர்ச் சங்கங்களின் கோடை ஒன்றுகூடல்கள், ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டிய இடங்கள். ஒரே ஒரு கவனம்: அமைப்பு இலாப நோக்கமற்றதாகப் பதிவு பெற்றதா, ஒப்பமிடப் போகிறவர் சொந்தக்காரரா என்று முதலே பாருங்கள். சங்கத் தலைவர் சித்தப்பாவாக இருந்தால் செயலாளரிடம் ஒப்பம் வாங்குங்கள்.

மருத்துவமனை பிள்ளைகளுக்குப் பிடித்த இடம்தான். ஆனால் விண்ணப்பம், நேர்காணல், தடுப்பூசிப் பதிவு, காசநோய்ப் பரிசோதனை என்று நாள் எடுக்கும். பல மாதங்கள் தொடர்ந்து வர வேண்டும் என்றும் கேட்பார்கள். அவசரத்துக்கு அது உதவாது.

படி 4: பிள்ளையே கேட்கட்டும்

மின்னஞ்சலைப் பெற்றோர் எழுதினால் பல இடங்களில் பதில் வராது. பிள்ளை எழுத வேண்டியவை: பெயரும் தரமும் பாடசாலையும், வயது, எந்த நாட்களில் எத்தனை மணிக்கு வர முடியும், எத்தனை மணித்தியாலம் தேவை, அந்த இடத்தில் எந்த வேலையில் உதவ விருப்பம். ஆறு வரிக்கு மேல் வேண்டாம். “எந்த நேரமும் வருவேன்” என்று எழுதாமல் “சனி காலை 10 முதல் 1 வரை” என்று எழுதினால் பொறுப்பாளருக்கு இடம் ஒதுக்குவது சுலபம். ஒரு கிழமையில் பதில் இல்லையென்றால் நேரில் போய்க் கேட்கலாம். ஒரே நேரத்தில் நாலைந்து இடங்களுக்கு எழுதுவதில் தவறில்லை.

படி 5: போன நாளிலேயே ஒப்பம்

படிவத்தில் செய்த வேலை, திகதி, மணித்தியாலம், அமைப்பின் பெயர், பொறுப்பாளரின் பெயர், தொலைபேசி எண், கையொப்பம் ஆகியவை கேட்கப்படும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் ஒப்பமும் வேண்டும். சில சபைகளில் இவை இணையத்தில் பதியப்படுகின்றன. அங்கும் பொறுப்பாளர் உறுதிசெய்தால்தான் கணக்கு ஏறும்.

படிவத்தை ஒரு கோப்பில் போட்டு ஒவ்வொரு முறையும் பிள்ளை கொண்டுபோக வேண்டும். ஜூனில் சேர்த்து வாங்கலாம் என்று விட்டால், அந்தப் பொறுப்பாளர் வேலை மாறிப் போயிருப்பார். தொண்டு அமைப்புகளில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள்.

நேரத்தை நேர்மையாக எழுதுங்கள். மாலை 4:00 முதல் 6:30 என்றால் 2.5 மணித்தியாலம். பேருந்தில் போய்வந்த நேரமும் சாப்பிட்ட நேரமும் சேராது. இரவு தங்கும் முகாமில் தூங்கிய நேரமும் சேராது. ஒரே நாளில் 12 மணித்தியாலம் என்று எழுதினால் பாடசாலை தொலைபேசி எடுத்துக் கேட்கும்.

காப்புறுதியையும் கவனியுங்கள். தொண்டு செய்யும் மாணவரால் பிறருக்கு வரும் பொறுப்புக்குச் சபையின் காப்புறுதி உண்டு. ஆனால் மாணவருக்கே காயம் ஏற்பட்டால், தொழிலாளருக்கான மாகாணக் காப்புறுதி அவரைச் சேராது. செப்டம்பரில் பாடசாலை அனுப்பும் மாணவர் விபத்துக் காப்புறுதித் தாளைக் குப்பையில் போடாமல் வாசித்துப் பாருங்கள்.

படி 6: ஒப்படைக்குமுன் படம் எடுங்கள்

நிரப்பிய படிவத்தின் இரு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு கைடன்ஸ் அலுவலகத்தில் கொடுங்கள். 40 வரும்வரை காத்திராமல் ஒவ்வொரு ஜூனிலும் கொடுத்தால், தவறு இருந்தால் அப்போதே தெரியவரும். அடுத்து வரும் ரிப்போர்ட் கார்டில் மணித்தியாலம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பாடசாலை மாறினால், புதிய இடத்தில் பழைய கணக்கு வந்து சேர்ந்ததா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

கழகங்களும் விளையாட்டும்

கூடைப்பந்து அணியில் ஆடியது, பரதம் பழகியது, விவாதக் குழுவில் பேசியது தொண்டாகக் கொள்ளப்படாது. அவை பிள்ளையின் சொந்த ஈடுபாடு. சிறிய பிள்ளைகளின் அணிக்குப் புள்ளி குறித்தது, கழகத்தின் சார்பில் உணவு சேகரித்தது சேரலாம். ஆனாலும் இந்த ஈடுபாடுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகவல் படிவம் போன்றவை எதில் ஈடுபட்டீர்கள், என்ன பொறுப்பு வகித்தீர்கள் என்று கேட்கின்றன. டிரான்ஸ்கிரிப்ட் எனும் புள்ளிப் பதிவேட்டில் தொண்டு நிறைவு என்று மட்டுமே பதிவாகும். எங்கே, எத்தனை மணித்தியாலம், என்ன செய்தார் என்பது பிள்ளையின் குறிப்பில் இருந்தால்தான் உண்டு.

14 வயது நிரம்பியவர்கள் இளையோருக்கான எடின்பரோ கோமகன் விருதின் வெண்கல நிலையில் சேரலாம். அதில் சேவைப் பகுதிக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வீதம் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். அந்தச் சேவை சபையின் விதிக்குள் வந்தால் 40இலும் 13 மணித்தியாலம் கழிந்துவிடும்.

தரம் 12 வந்தும் ஒன்றும் செய்யவில்லையென்றால்

பிப்ரவரியில் விழித்துக்கொண்டாலும் முடிக்கலாம். மார்ச் விடுமுறைக் கிழமையில் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்று ஐந்து நாள் செய்தால் 25. அதற்குப் பின் ஐந்து சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் வீதம் 15. ஏப்ரல் முடிவதற்குள் 40 நிரம்பும். ஸ்பெயார் நேரம் இருந்தால் பாடசாலை நூலகத்தில் கேட்டு இன்னும் விரைவாக முடிக்கலாம். மார்ச் விடுமுறைக்கான இடத்தைக் குறைந்தது நான்கு கிழமை முன்பே உறுதிசெய்ய வேண்டும். சமூக நிலையங்களின் சிறுவர் முகாம்களுக்கு அந்தக் கிழமை உதவியாளர் தேவைப்படும் என்பதால் அங்கே முதலில் கேளுங்கள். பல பாடசாலைகள் தரம் 12 பிள்ளைகளுக்கு வசந்த காலத்திலேயே முடிவுத் திகதி வைக்கின்றன. அந்தத் திகதியை இன்றே கைடன்ஸ் கவுன்சிலரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டு, அதற்கு இரண்டு கிழமை முன்பே படிவத்தைக் கொடுங்கள். ஓர் ஒப்பம் விடுபட்டிருந்தாலும் ஓடிப்போய் வாங்கிவர நேரம் இருக்கும்.