வம்சாவளியை வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது

எங்கள் வம்சாவளியில் இப்போது 1,146 பேர் இருக்கிறார்கள். பெரியப்பா நீல அட்டை போட்ட கணக்கு நோட்டில் எழுதி வைத்ததை 2006-இல் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினேன். அந்த மென்பொருளுக்குப் பல வருஷமாகப் புதுப் பதிப்பே வரவில்லை. போன வருஷம் லேப்டாப் மாற்றினேன், புதியதில் அது திறக்க மறுத்துவிட்டது. இத்துறையில் இது புதிதல்ல. உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருந்த பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற வம்சாவளி மென்பொருள்கூட 2013-இல் நிறுத்தப்பட்டது. நான் கிராம்ப்ஸுக்கு மாறினேன். இலவசம், கட்டற்ற மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலைக் கொண்டுபோவது கெட்காம் என்ற ஃபைல். 1984-இல் மார்மன் திருச்சபை உருவாக்கிய முறை இது. 7.0 பதிப்பு 2021-இல் வந்துவிட்டது, ஆனாலும் பழைய மென்பொருள்கள் தருவது பெரும்பாலும் 5.5 அல்லது 5.5.1.

முதலில் பழைய ஃபைல், போட்டோ ஃபோல்டர் இரண்டையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பழைய லேப்டாப்பை உடனே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் இரண்டு மாதம் அதை மேஜையிலேயே வைத்திருந்தேன், தினமும் தேவைப்பட்டது.

பழைய மென்பொருளிலிருந்து கெட்காமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது எழுத்துமுறை எது என்று கேட்கும். யூடிஎஃப்-8 மட்டுமே தேர்ந்தெடுங்கள். ஆன்சி, ஆன்செல் என்ற பழைய எழுத்துமுறைகள் இரண்டிலும் தமிழுக்கு இடமில்லை. நான் முதல் தடவை கவனிக்காமல் ஆன்சியில் எடுத்துவிட்டேன். பாட்டியின் பெயர் சிவகாமி. அது இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறிகள் இருந்தன. நமக்கு நான்கு எழுத்து, ஆனால் கம்ப்யூட்டருக்கு 'ச' என்ற எழுத்தும் அதன் மேல்விலங்கும் காலும் தனித்தனி என்பதால் ஏழு. கேள்விக்குறி ஆனபின் அந்த ஃபைலிலிருந்து பெயரை மீட்க வழியே கிடையாது, மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டியதுதான். கெட்காம் வெறும் உரை ஃபைல், அதனால் நோட்பேடில் திறந்து தமிழ்ப் பெயர்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மறைக்கும் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இது நம் சொந்த உபயோகத்துக்கான பிரதி.

அப்புறம் கிராம்ப்ஸில் காலியான புது வம்சாவளி மரம் ஒன்றை உருவாக்கி, அதில்தான் இம்போர்ட் செய்ய வேண்டும். முடிந்ததும், தனக்குப் புரியாத வரிகளை அது பட்டியல் போட்டுக் காட்டும். மூடிவிடாமல் படியுங்கள். எனக்கு 37 வரிகள் வந்தன. காதணி விழா, பூப்பு நீராட்டு என்று பழைய மென்பொருளில் நானே சேர்த்த நிகழ்ச்சிகள்தான் அவற்றில் பாதி. அவை குறிப்புகளாகப் பத்திரமாக இருந்தன, கையால் நிகழ்ச்சிகளாக மாற்றினேன்.

நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. கெட்காமில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுதுவார்கள். நமக்கு அது கிடையாது என்பதால் அந்த இடத்தில் நான் இனிஷியலைப் போட்டிருந்தேன். விளைவு, 'மு' என்ற ஒரே தலைப்பின் கீழ் சம்பந்தமில்லாத 60 பேர் வந்து நின்றார்கள். முடிந்தால் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப்பெயராக எழுதிவிடுங்கள். குடும்பப் பெயர் எந்த வகை என்று கிராம்ப்ஸில் சொல்ல முடியும், தந்தை பெயர் என்பதும் அதில் ஒரு வகை. பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரையே முதன்மையாக வைத்து, கல்யாணத்துக்குப் பின் மாறிய இனிஷியலை மாற்றுப்பெயராகச் சேர்ப்பதே சரி என்பேன்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எங்கள் மரத்தில் நான்கு முத்தையா. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா என்று தேடும் கருவி அவர்களைச் சந்தேகப்பட்டியலில் கொண்டுவந்துவிடும். பெற்றோர் யார் என்று பார்க்காமல் இணைக்கவே கூடாது, இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும்.

எங்கள் பாட்டி விஷயம் நேர்மாறு. அவரைக் கட்டிக்கொண்டவர் அவருடைய தாய்மாமன். பழைய மென்பொருளின் படத்தில் அது சரியாக வராததால் தாத்தாவை இரண்டு பேராகப் பதிந்திருந்தேன், பாட்டியுடைய அம்மாவின் தம்பியாக ஒருவர், பாட்டியின் கணவராக ஒருவர். கிராம்ப்ஸில் இருவரையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக இணைத்தேன். ஒரே ஆள் ஒரு குடும்பத்தில் பிள்ளையாகவும் இன்னொன்றில் கணவராகவும் இருப்பதில் கெட்காமுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

தேதிகளையும் பாருங்கள். நோட்டில் பாட்டி பிறந்தது 'விபவ வருஷம் மார்கழி 12'. கிராம்ப்ஸ் அதை வெறும் உரையாக ஏற்றுக்கொள்ளும், ஆனால் வயதைக் கணக்கிடாது. விபவ வருஷம் 60 ஆண்டுக்கு ஒரு முறை வரும், 1868-இல் ஒன்று, 1928-இல் ஒன்று. மூத்த பிள்ளை பிறந்தது 1947 என்பதால் 1928-தான். 'சுமார் டிசம்பர் 1928' என்று தேதியில் போட்டு, பெரியப்பா எழுதிய வரியை அப்படியே குறிப்பில் வைத்தேன்.

5.5, 5.5.1 கெட்காமில் பொதுவாகப் போட்டோ வராது, அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே வரும். ஃபோல்டரை நகலெடுத்துவிட்டு, கிராம்ப்ஸின் ஊடக மேலாளர் கருவியில் பழைய முகவரிக்குப் பதில் புதியதை ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

கடைசியாக, ஆள் எண்ணிக்கையும் குடும்ப எண்ணிக்கையும் இரு பக்கமும் பொருந்துகின்றனவா பாருங்கள். அது போதாது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நான் பாட்டியிலிருந்து தொடங்கினேன். ஒப்பிட்டு முடித்த கையோடு நீல நோட்டை ஸ்கேன் செய்து, 14-ஆம் பக்கத்தை அவர் பிறந்த தேதிக்கு ஆதாரமாக இணைத்தேன். பெரியப்பாவின் கையெழுத்து இப்போது அந்தத் தேதிக்குக் கீழேயே தெரிகிறது.