செகண்ட் ஹேண்டில் பவர்ஃபுல் சொகுசு கார்: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

பத்து பதினைந்து வருடம் ஓடிய ஒரு பிஎம்டபிள்யூ எம்5, இல்லையென்றால் ஒரு மெர்சிடிஸ் ஏஎம்ஜி, புதுசாக ஷோரூமில் நிற்கும் சாதாரண செடான் விலைக்கே கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது? 500 குதிரைத்திறன், தோல் இருக்கை, அந்த சத்தம், எல்லாம் சரி. ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். உதிரி பாகங்களின் விலையும், அவற்றைக் கழற்றி மாட்டும் கூலியும் அந்தக் கார் புதுசாக இருந்த காலத்துக் கணக்கிலேயே இருக்கின்றன, சில பாகங்கள் வரத்து குறைந்து இன்னும் ஏறியும் இருக்கின்றன. இதைக் கணக்கில் சேர்க்காமல் கையில் இருக்கிற மொத்தப் பணத்தையும் கார் வாங்கவே கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால், வாங்கும் விலையில் கால் பங்காவது முதல் வருடச் செலவுக்கு எடுத்து வைக்க முடியாதவர் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

அடுத்தது, பிராண்டையும் மாடலையும் பார்த்துவிட்டு இன்ஜினைப் பார்க்காமல் விடுவது. இந்த வகைக் கார்களில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் என்று ஒரு வியாதி இருக்கிறது, அது வெளியில் எல்லோருக்கும் தெரிந்த வியாதிதான், வாங்குகிறவருக்கு மட்டும்தான் தெரிவதில்லை. இ60 என்று பிஎம்டபிள்யூ உள்ளுக்குள் பெயர் வைத்த தலைமுறை எம்5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் வி10 (வி வடிவில் பத்து சிலிண்டர்), 507 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் போகும் அற்புதமான இன்ஜின். ஆனால் அதன் கனெக்டிங் ராட் பேரிங்குகள், அதாவது பிஸ்டன் தண்டுகள் கிராங்க்ஷாஃப்ட் என்ற சுழலும் அச்சோடு சேரும் இடத்தில் இருக்கும் தாங்கிகள், சீக்கிரம் தேய்கின்றன. முன்கூட்டியே மாற்றினால் இன்ஜினைக் கழற்றாமல் கீழிருந்தே வேலையை முடிக்கலாம், செலவு வலிக்கும், அவ்வளவுதான். பேரிங் சுழன்று கிராங்க்ஷாஃப்டைக் கீறிவிட்டால் மொத்த இன்ஜினுக்கும் விலை பேச வேண்டியதுதான், அந்தத் தொகை சில நேரம் நீங்கள் காருக்குக் கொடுத்த விலையையே தாண்டிவிடும். அதே காரில் இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் ஆக்சுவேட்டர்கள், கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப் என்று வரிசை இன்னும் நீள்கிறது.

மெர்சிடிஸ் பக்கம் போனால், ஏஎம்ஜியின் 6.2 லிட்டர் வி8 இன்ஜினில் ஆரம்ப காலத்தில் வந்தவற்றில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் உடைந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சிலிண்டருக்குள் இறங்கும் பிரச்சினை உண்டு. பிறகு போல்ட்டை மாற்றிவிட்டார்கள். அதனால் நீங்கள் பார்க்கிற கார் மாற்றத்துக்கு முந்தையதா, பிந்தையதா என்பதை இன்ஜின் நம்பரை வைத்து உறுதி செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆடியின் 4.2 லிட்டர் வி8 போட்ட பழைய எஸ்4-இல், வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட உதவும் டைமிங் செயின்கள் இன்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கின்றன. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைந்தால் பாகத்தின் விலை பெரிசில்லை, ஆனால் அதைத் தொடுவதற்கு இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். இந்தக் கார்களில் பில் எகிறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

போர்ஷேயில் 1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர், சாதாரண 911 மாடல்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் (இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங்) கெட்டுப்போவது பற்றி ஊரே பேசும். டர்போவும் ஜிடி3-யும் வேறு இன்ஜின், அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. இவற்றில் முதலில் வந்த பெரும்பாலான கார்களில் இந்த பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், அதனால் கிளட்ச் மாற்றும்போதே சேர்த்துச் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம், இரண்டு முறை கூலி கொடுப்பானேன்? கிட்டத்தட்ட 2006-க்குப் பிறகு வந்தவற்றில் பேரிங் பெரியது, கெடுவது குறைவு, ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. அந்த இன்ஜின்களில் சிலிண்டர் சுவர் கீறல் விழுந்திருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்ப்பதும் அவசியம்.

கிலோமீட்டர் குறைவாக இருந்தால் நல்ல கார் என்று நினைப்பதும் தப்பு. வருடக்கணக்காக நின்ற காரில் சீல்கள் காய்ந்து போகும், ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர் காற்றுப் பைகளில் வெடிப்பு விழும். பையில் சின்னக் கசிவுதானே என்று விட்டால், கம்ப்ரசர் அந்தக் காற்றை ஈடுகட்ட ஓடி ஓடி எரிந்து போகும், அப்புறம் இரண்டையும் மாற்ற வேண்டும். இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் நாலு மூலையின் உயரத்தையும் பாருங்கள், ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கேதான் கசிவு.

பார்க்கப் போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். செயின் சலசலப்போ, புகையோ, பெரும்பாலும் குளிர்ந்த இன்ஜினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும் சில விநாடிகளில்தான் தெரியும், அதனால் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஸ்கேனர் மாட்டும்போது எரர் கோடு ஒன்றும் இல்லை என்றதும் சந்தோஷப்பட வேண்டாம், ரெடினஸ் மானிட்டர்கள் (காரின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல மானிட்டர்கள் முடியாமல் நின்றால் யாரோ சமீபத்தில்தான் கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மேனுவல் கியர் போர்ஷே என்றால் ஓவர்-ரெவ் ரிப்போர்ட்டையும் கேளுங்கள், கியரைத் தப்பாகப் போட்டு இன்ஜினை எல்லைக்கு மேல் சுழற்றியிருந்தால் கம்ப்யூட்டர் அதைக் குறித்து வைத்திருக்கும். இதையெல்லாம் அந்த பிராண்டில் பழகிய மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் செய்யுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

பிரேக்கைப் பற்றி யாருமே கேட்பதில்லை, எனக்கு அது ஆச்சரியம். கார்பன் செராமிக் டிஸ்க் போட்ட காரில் நாலு டிஸ்க்கையும் மாற்றும் செலவு, பழைய காரின் விலையில் ஒரு பெரிய துண்டையே விழுங்கிவிடும். தேய்மானத்தைத் தடிமனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போர்ஷே போன்றவர்கள் டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச எடையைப் பொறித்திருப்பார்கள், கழற்றி எடை போட்டால்தான் உண்மை தெரியும். டயரில் இருக்கும் நாலு இலக்க எண் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று சொல்லும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

வாங்கிய பிறகு நடக்கும் தப்புகளும் உண்டு. ஆயுள் முழுக்க கியர்பாக்ஸ் ஆயில் மாற்றத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. முன்பு சொன்ன எம்5-இன் வி10 இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 ஆயில் (இந்த எண் ஆயிலின் அடர்த்தித் தரம்) என்றால் அதேதான், கடையில் இருக்கிறதை ஊற்றக் கூடாது. காலையில் எடுத்ததும் ஆயில் சூடாவதற்கு முன் மிதிக்கவும் கூடாது. முதல் ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலில் கொஞ்சம் பிடித்து லேபுக்கு அனுப்பிவிடுங்கள், ஈயமும் செம்பும் அதிகமாகக் காட்டினால் பேரிங் தேய்கிறது என்பது சத்தம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.