அரசுப் பள்ளிக்குப் புதிய கட்டடம்: எந்தப் பள்ளிக்கு முதலில், எப்படித் திட்டமிடுவது?

தமிழ்நாட்டில் எந்த ஊராட்சி ஒன்றியத்தை எடுத்துக்கொண்டாலும், புதிய கட்டடம் வேண்டி நிற்கும் பள்ளிகள் அந்த ஆண்டில் கட்ட முடிந்தவற்றைவிட மிகுதியாகவே இருக்கும். 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், 5 ஆண்டுகளில் ரூ.7,000 கோடியில் 18,000 புதிய வகுப்பறைகள் உள்ளிட்ட பணிகளை இலக்காகக் கொண்டது. அத்தனை பெரிய திட்டத்திலும் முதல் ஆண்டில் இடம்பெறும் பள்ளி ஒன்று, ஐந்தாம் ஆண்டு வரை காத்திருக்கும் பள்ளி ஒன்று என்று இருக்கத்தான் செய்யும். ஆகவே நிதி வருவதற்கு முன்பே முன்னுரிமை வரிசை ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஒதுக்கீடு வந்த பிறகு அவசரமாகப் போடப்படும் வரிசையில், விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஊரும் செல்வாக்குள்ளவர் வாழும் ஊரும் முன்னே போய்விடுகின்றன. கேட்கத் தெரியாத ஊரின் பிள்ளைகள் ஒழுகும் கூரையின் கீழேயே இன்னுமோர் ஆண்டு படிக்கிறார்கள். தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், வட்டாரக் கல்வி அலுவலர்கள் ஆகியோர் தங்கள் எல்லைக்குள் இந்த வேலையை எப்படிச் செய்யலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பட்டியல்

ஒரே ஒன்றியத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆகியவை அருகருகே இருக்கும். மலைப்பகுதியானால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களானால், கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளி. ஒவ்வொன்றுக்கும் துறை வேறு, நிதி வரும் வழி வேறு, கட்டும் பொறியாளர் வேறு. தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்கள் பெரும்பாலும் ஊரக வளர்ச்சித் துறை வழியாகவும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கட்டடங்கள் பெரும்பாலும் பொதுப்பணித் துறை வழியாகவும் எழுகின்றன. துறைக்கொரு பட்டியல் வைத்திருந்தால், ஒரே தெருவில் ஒரு பள்ளிக்கு வேண்டியதற்கு மேல் அறைகள் கிடைக்க, எதிர்ப்பக்கப் பள்ளி மரத்தடியில் நடக்கும். எனவே முதல் வேலை, எந்தத் துறையின் பள்ளி என்று பாராமல் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவதுதான். செலவைத் துறைகள் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

பட்டியலில் பள்ளியின் பெயருக்கு எதிரே "கட்டடம் பழுது" என்று ஒரே சொல்லில் எழுதினால் அதைக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியே எழுத வேண்டும்: கட்டிய ஆண்டு, ஓட்டுக் கூரையா, மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸா, கான்கிரீட் தளமா, சுவர் தாங்கும் கட்டடமா, தூணும் உத்தரமும் தாங்கும் கட்டடமா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பறையோடு நின்றுவிடக் கூடாது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் 3 மாணவர்கள் இறந்தது வகுப்பறை இடிந்து அல்ல. கழிப்பறைச் சுவர் சரிந்து. அந்தத் துயரத்திற்குப் பின்தான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்க ஆணையிடப்பட்டது. கழிப்பறை, சுற்றுச்சுவர், மேல்நிலை நீர்த்தொட்டி, சத்துணவுக் கூடம், பயன்பாட்டில் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் பழைய அறை ஆகியவையும் பட்டியலில் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். பூட்டிய அறையின் நிழலில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆபத்தைக் கண்டறிதல்

இறுதி முடிவைப் பொறியாளரின் உறுதித்தன்மைச் சான்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பொறியாளரை எந்தப் பள்ளிக்கு முதலில் அழைத்துச் செல்வது என்பதைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். இரும்பு துருவேறும்போது பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. கடற்கரை மாவட்டங்களில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்துகிறது. அத்தகைய தளத்தைச் சிமெண்ட் பூசி மூடிவிட்டால் நோய் மறைகிறதே ஒழிய நிற்பதில்லை. அடுத்துச் சுவர் விரிசல். மேற்பூச்சில் மயிரிழையாக ஓடும் விரிசலும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கிச் சுவரின் மறுபக்கமும் தெரியும் விரிசலும் ஒன்றல்ல. இரண்டாவது வகை, அடித்தளம் இறங்குவதைக் காட்டக்கூடும். கோவில்பட்டி, விளாத்திகுளம் போன்ற கரிசல் மண் பகுதிகளில் மண் மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்குவதால் இது அடிக்கடி நேர்கிறது. விரிசலின் குறுக்கே தேதியிட்டு ஒரு கோடு வரைந்து, மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியும்.

ஓர் அறை ஆபத்தானது என்று பொறியாளர் சொல்லிவிட்டால், அன்றே அதைக் காலி செய்ய வேண்டும். இடிப்பதற்கான ஆணை வர மாதங்கள் ஆகலாம். அதுவரை வேலியிட்டு, பிள்ளைகள் அணுகாதபடி அடைத்துவைக்க வேண்டும். புதிய கட்டடம் கிடைப்பதும் ஆபத்தான அறையைக் காலி செய்வதும் இருவேறு வேலைகள். முதலாவது நடக்கும்வரை இரண்டாவது காத்திருக்கலாகாது.

எத்தனை அறைகள் வேண்டும்?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இதற்கு ஒரு குறைந்தபட்ச அளவைத் தருகிறது. ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. இவற்றோடு தலைமையாசிரியர் அறை, ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, தடையின்றி உள்ளே வரும் வழி. இன்றைய சேர்க்கையை இந்த அளவோடு ஒப்பிட்டால் இன்றைய குறை தெரியும். ஆனால் கட்டடம் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிற்கும் என்பதால் இன்றைய எண் போதாது.

வரும் ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கணிப்பதற்கு அங்கன்வாடிப் பதிவேடும் பிறப்புப் பதிவேடும் போதும். எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் இப்போது 95 பிள்ளைகள் படிக்கிறார்கள். சட்டப்படி 4 அறைகள் வேண்டும். ஊரில் ஒன்றாம் வகுப்புக்குரிய வயதை எட்டும் பிள்ளைகளில் சராசரியாக 100க்கு 60 பேர் இந்தப் பள்ளியில் சேர்ந்துவந்திருக்கிறார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த வயதை எட்டுவோர் முறையே 28, 24, 20 என்றால், சேரக்கூடியவர்கள் 17, 14, 12. இப்போது ஒன்றாம் வகுப்பில் 18 பேரும் இரண்டாம் வகுப்பில் 19 பேரும் இருந்தால், அவர்கள் அப்போது நான்கிலும் ஐந்திலும் இருப்பார்கள். ஆக, மூன்று ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் 80 பேர். தேவை 3 அறைகள். இந்த ஊரில் நல்ல நிலையில் 3 அறைகள் இருந்தால், நான்காவதைப் புதிதாகக் கட்டுவதைவிட இருப்பவற்றைச் செப்பனிட்டுக் கழிப்பறையைச் சரிசெய்வதே தகும்.

இந்தக் கணக்கை இரண்டு எச்சரிக்கைகளோடுதான் பயன்படுத்த வேண்டும். முதலாவது, சேர்க்கை குறைவதற்குக் கட்டடத்தின் மோசமான நிலையே காரணமாக இருக்கலாம். ஊரிலுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை குறையாமல், பள்ளியில் மட்டும் குறைந்துவந்தால், அவர்கள் தனியார் வேனில் ஏறிப் போகிறார்கள் என்று பொருள். அங்கே "பிள்ளைகள் இல்லை, ஆகவே கட்டடம் வேண்டாம்" என்று முடிவெடுப்பது, நாம் உண்டாக்கிய குறையை நாமே சான்றாகக் காட்டுவதாகும். இந்த இடத்தில் நான் எப்போதும் ஊரின் பிள்ளைகள் தொகையைத்தான் எடுத்துக்கொள்வேன். இரண்டாவது, ஓசூர், திருப்பூர், திருப்பெரும்புதூர் போன்ற தொழில் பகுதிகளில் வேலைக்காக வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருப்பார்கள். வாடகை வரிசை வீடுகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வீடு வீடாகச் சென்று எண்ணாமல் அங்கே திட்டமிட முடியாது. வளரும் பகுதிகளில் தரைத்தளம் மட்டும் கட்ட நிதி இருந்தாலும், மேலே ஒரு மாடி தாங்கும்படி அடித்தளத்தையும் தூண்களையும் வடிவமைக்கச் சொல்லி மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

வரிசைப்படுத்துதல்

ஆபத்தான கட்டடத்தைத் தவிர வேறு இடமே இல்லாத பள்ளிகளுக்கு மதிப்பெண் போடத் தேவையில்லை. அவை அனைத்தும் வரிசையின் தலையில் நிற்க வேண்டும். மற்றவற்றுக்குச் சில அளவுகோல்களே போதும். இருபது அளவுகோல் வைத்தால் எந்தப் பள்ளியை வேண்டுமானாலும் மேலே கொண்டுவந்துவிடலாம். நான் நான்கை மட்டும் பரிந்துரைப்பேன். ஓர் அறைக்கு எத்தனை பிள்ளைகள் என்பது முதலாவது. பயன்படுத்தத் தக்க கழிப்பறையும் தண்ணீரும் உண்டா என்பது இரண்டாவது. உயர்நிலைப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு இது வகுப்பறைக்கும் முந்தியது. அடுத்த பள்ளிக்குச் செல்லும் வழி மூன்றாவது. மாநில விதிகள் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் நான்குவழிச் சாலையோ ஆறோ குறுக்கிட்டால் ஒரு கிலோமீட்டரே ஆறு வயதுப் பிள்ளைக்குக் கடக்க முடியாத தூரம். வெள்ளமும் புயலும் தாக்கும் இடமா என்பது நான்காவது. 2018இல் கஜா புயல் தாக்கியபோது பள்ளிகளே தங்குமிடங்களாயின.

மலைக்கிராமங்களைச் சமவெளியோடு ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது. ஜவ்வாதுமலையிலோ கல்வராயன்மலையிலோ மணலும் கம்பியும் மேலேற்றும் கூலியால் செலவு கூடும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவு. செலவழிக்கும் ரூபாய்க்கு எத்தனை பிள்ளைகள் என்று பார்த்தால் மலைப்பள்ளிகள் என்றென்றும் கடைசியில்தான் நிற்கும். மொத்த நிதியில் ஒரு பங்கை முதலிலேயே அவற்றுக்கென ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குள் தனியாக வரிசை போடுவதே நியாயம்.

வரிசை முடிந்ததும் அதைக் காரணங்களோடு கிராம சபையில் வாசிக்க வேண்டும். மே 1 கூட்டம் இதற்கு ஏற்றது. கோடை விடுமுறையில் பெற்றோரும் வருவார்கள். பத்தாம் இடத்தில் இருக்கும் ஊர், தான் ஏன் பத்தாவது என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த ஆண்டு தன் முறையை உரிமையோடு கேட்கும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியோ நன்கொடையோ வந்தாலும் இதே வரிசையைக் காட்டித்தான் பேச வேண்டும்.

நிலம், நிதி, நாள்காட்டி

பல பழைய பள்ளிகள் யாரோ ஒரு பெரியவர் வாய்மொழியாகக் கொடுத்த நிலத்தில் நிற்கின்றன. பேரப்பிள்ளைகள் காலத்தில் வழக்கு வந்தால், ஒப்புதல் பெற்ற கட்டடமும் நின்றுவிடும். எனவே மதிப்பீடு தயாரிக்கும் முன்பே பட்டா, புல வரைபடம், கொடைப்பத்திரம் ஆகியவற்றைச் சேகரித்து, நிலம் நீர்நிலைப் புறம்போக்கு இல்லை என்பதையும் வருவாய்த் துறையிடம் எழுத்தில் பெற்றுவிட வேண்டும். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு கட்டடச் செலவில் மிகச் சிறு பகுதி. கரிசல் நிலத்தில் அதைத் தவிர்ப்பது பெருந்தவறு.

பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்ற கேள்விக்கு, பழுதுச் செலவு புதுக் கட்டடச் செலவில் பாதியைத் தாண்டினால் இடித்துக் கட்டுவது என்பதை நடைமுறை அளவாகக் கொள்ளலாம். ஆனால் நல்ல சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய ஓட்டுக் கட்டடங்களைப் பழமை என்ற ஒரே காரணத்துக்காக இடிக்க வேண்டியதில்லை. ஓட்டையும் மரத்தையும் மாற்றினால் அவை வெயிலில் குளிர்ச்சியாக நெடுங்காலம் உழைக்கும்.

நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டம். இவற்றுக்குச் சில மாதங்களை ஒதுக்கியே நாள்காட்டியைப் போட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாவட்டங்களில், ஜனவரியில் அடித்தளம் தோண்டத் தொடங்கினால் அடுத்த மழைக்கு முன் தளம் போட்டுவிடலாம். செப்டம்பரில் தோண்டிய குழி குளமாகும். இடிக்கும் வேலையை மே மாதத்தில், பிள்ளைகள் வளாகத்தில் இல்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் மாதங்களில் வகுப்புகள் எங்கே நடக்கும், சத்துணவும் காலை உணவும் எங்கே சமைக்கப்படும் என்பதையும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

வரைபடம் வந்ததும் பள்ளி மேலாண்மைக் குழு அதை வாங்கிப் பார்க்க வேண்டும். மாடி இருந்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா? சாய்தளம், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் இருக்கிறதா? சமையற்கூடம் வகுப்பறைகளிலிருந்து விலகி நிற்கிறதா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. ஆகவே இந்தக் கேள்விகளுக்கு வரைபடத்திலேயே விடை காணாமல் கையெழுத்திடக் கூடாது.

வேலை நடக்கும்போது கான்கிரீட்டுக்குத் தொடர்ந்து நீரூற்றுகிறார்களா என்று பார்ப்பது, தளம் போடும் நாளில் எடுத்த கான்கிரீட் கட்டிகளின் 28ஆம் நாள் வலிமைச் சோதனை முடிவைக் கேட்பது ஆகிய இரண்டையும் பெற்றோரே செய்யலாம். கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் சாவியோடு, கட்டியபடியான வரைபடத்தின் ஒரு படியையும், கம்பி, மின்கம்பி, குழாய் செல்லும் வழிகளின் குறிப்பையும் தலைமையாசிரியர் கேட்டுப் பெற்றுப் பள்ளிப் பதிவேட்டில் ஒட்டிவைக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தளத்தில் முதல் விரிசல் தோன்றும்போது, அங்கே வரும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.