என்பிஎம் வெர்ஷன் சிக்கல்: லாக் ஃபைலும் ^ குறியும்

"என் லேப்டாப்பில் ஓடுதே, சர்வரில் ஏன் ஓடலை?" ரியாக்ட் (இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்) பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. மாறியது, அதற்கு அடியில் இருக்கும் பேக்கேஜ்களின், அதாவது பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்களின், வெர்ஷன். அவற்றை இறக்கி நிறுவும் கருவிதான் என்பிஎம் (npm).

1. முதலில் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 2.4.1 என்பதில் 2 மேஜர், 4 மைனர், 1 பேட்ச். பேட்ச் ஏறினால் பிழை திருத்தம். மைனர் ஏறினால் புது வசதி, பழையதும் ஓடும். மேஜர் ஏறினால் பழைய நிரல் உடையலாம். இது பேக்கேஜ் எழுதியவர் தரும் வாக்கு, அவ்வளவுதான். எல்லோரும் அதைக் காப்பாற்றுவதில்லை.

2. உங்கள் நிரலுக்கு வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல் இருக்கும் பேக்கேஜ்.ஜேசன் (package.json) ஃபைலைத் திறந்து எண்ணுக்கு முன்னால் உள்ள குறியைப் பாருங்கள். ^2.4.1 என்றால் 2.4.1 முதல் 3.0.0-க்கு முன்பு வரை எது வேண்டுமானாலும் வரலாம். ~2.4.1 என்றால் 2.5.0-க்கு முன்பே நின்றுவிடும். ^0.4.1 மட்டும் வேறு மாதிரி: அது 0.5.0-ஐத் தொடாது.

3. லாக் ஃபைலை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து குழுவோடு பகிரும் கிட்டில் (git) சேர்த்துவிடுங்கள். 2017-இல் வந்த என்பிஎம் 5 முதல் பேக்கேஜ்-லாக்.ஜேசன் (package-lock.json) என்ற இந்த ஃபைல் தானாகவே உருவாகிறது. பேக்கேஜுக்குள் பேக்கேஜாக இறங்கிய ஒவ்வொன்றின் துல்லியமான வெர்ஷனும் அதில் இருக்கும். நான் இருந்த ஒரு குழுவில் இதைச் சேர்க்காமல் விட்டிருந்தோம். புதிதாக வந்த தம்பிக்கு மட்டும் தேதி காட்டும் பகுதி உடைந்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான், மூன்றாம் அடுக்கில் கிடந்த ஒரு பேக்கேஜின் பேட்ச் எண் அவருக்கு மட்டும் ஒன்று கூடியிருந்தது தெரிந்தது.

சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' (npm ci) கொடுங்கள். அது லாக்கில் உள்ளதை அப்படியே நிறுவும். பேக்கேஜ்.ஜேசனும் லாக்கும் ஒத்துப்போகாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு நல்லது.

4. 'ஈரிசால்வ்' (ERESOLVE, பேக்கேஜ்களின் வெர்ஷன்கள் பொருந்தவில்லை) என்று சிவப்பில் பிழை வந்தால் பதறாமல் 'பியர்' (peer) என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். உங்களிடம் ரியாக்ட் 18 இருக்கிறது, பழைய காலண்டர் பேக்கேஜ் ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் ரியாக்ட் ^17.0.0 என்றிருக்கும். "ரியாக்டை நான் கொண்டுவர மாட்டேன், உன்னுடையதையே பயன்படுத்துவேன், ஆனால் அது 17 ஆக இருக்க வேண்டும்" என்று அந்தப் பேக்கேஜ் கேட்கிறது. என்பிஎம் 7 முதல் இந்த நிபந்தனை கண்டிப்பாகச் சரிபார்க்கப்படுகிறது.

இணையத்தில் தேடினால் கட்டளையோடு '--லெகசி-பியர்-டெப்ஸ்' (--legacy-peer-deps) என்ற ஃப்ளாகைப் போடச் சொல்வார்கள். சரி, பிழை மறையும். பொருத்தமின்மை அப்படியே இருக்கும். முதலில் 'என்பிஎம் வியூ' (npm view பேக்கேஜ்-பெயர் peerDependencies) கொடுத்து, அந்தப் பேக்கேஜின் புது வெர்ஷன் 18-ஐ ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்றால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் வேறு காலண்டரைத் தேடுவதே என் யோசனை. வேறு வழியே இல்லாமல் அந்த ஃப்ளாகைப் போட்டால், காலண்டர் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, தேதியைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கமிட் செய்யுங்கள்.